இறந்தவர் பெயரில் நின்றுபோன கிசான் பணம்: ஒரு கூட்டுப் பட்டாக் குடும்பத்தின் கதை

விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். விதை, உரம், கொள்முதல் என்பதுதான் வேலை. ஆனால் எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, "தம்பி, எனக்கு ஏன் ரெண்டாயிரம் வரல?" என்பதைத்தான். அப்படி வந்த ஒருவரின் விவகாரம் முடிய இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆனது. முழுதாக முடிந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. இதே வேலை பார்க்கும் மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதி வைக்கிறேன். ஆட்கள், ஊர், அலுவலகங்கள் எதையும் பெயர் சொல்லவில்லை.

பின்னணி

விவசாயிகளின் வங்கிக் கணக்கில் மத்திய அரசு நேரடியாகப் பணம் போடும் பிஎம் கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்ததைச் சில மாதங்களில் எல்லா நிலவுடைமைக் குடும்பங்களுக்கும் என்று விரித்தார்கள். குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். வருமான வரி கட்டுகிறவர்கள், பெரும்பாலான அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் பென்ஷன் வாங்குகிறவர்கள், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்றவர்களுக்குக் கிடையாது.

இந்த விவகாரத்துக்கு முக்கியமான விதி இன்னொன்று. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்களுக்குத்தான் பணம். அதற்குப் பிறகு வாங்கிய நிலம் செல்லாது. உரிமையாளர் இறந்து, வாரிசுக்கு நிலம் வந்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஊரில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தத் தேதி தெரியாது. 2023 வரைக்கும் எனக்கும் அது காகிதத்தில் படித்த விஷயமாகத்தான் இருந்தது.

நம் பகுதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2020-இல் விவசாயிகள் தாங்களே ஆன்லைனில் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்ட வழியையும், அலுவலகங்களின் பாஸ்வேர்டையும் பயன்படுத்தி, நிலமே இல்லாத லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்டில் அது வெளியே வந்தது. சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு என்று அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கம், கைது எல்லாம் நடந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம்தான் அதிகம் அடிபட்டது. அதற்கு அப்புறம் இங்கே கிசான் கோப்பில் கையெழுத்துப் போட எந்த அலுவலரும் யோசிக்கிறார். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

2023 மார்ச்: என்ன பார்த்தேன்

பிப்ரவரி 27-ஆம் தேதி 13-ஆவது தவணை வந்தது. அடுத்த வாரம் அந்த அம்மா வந்தார். ஐம்பத்து நான்கு வயது இருக்கும். துணிக்கடைப் பை ஒன்றில் பாஸ்புக், ரேஷன் கார்டு, ஆதார், நான்காக மடித்து மடிப்பில் கிழிந்த சிட்டா நகல். மழையில் நனைந்து காய்ந்த காகிதம். சர்வே நம்பரின் கடைசி இலக்கம் அழிந்திருந்தது.

"பக்கத்துக் கொல்லைக்காரருக்கு வந்துடுச்சு தம்பி. எங்களுக்குப் போன தடவையும் வரல, இந்தத் தடவையும் வரல" என்றார்.

பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்திருந்தது. இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆள் இவர்தான் என்று உறுதி செய்வது, ஆகவில்லை. நில விவரம் சரிபார்க்கப்படவில்லை. கடைசியாக வந்தது 2022 மே 31-இல் வந்த 11-ஆவது தவணை. 12-ஆவது தவணையிலிருந்து நில விவரச் சரிபார்ப்பையும், 13-ஆவதிலிருந்து ஆதார் வழியாக மட்டுமே பணம் என்பதையும் கட்டாயமாக்கியிருந்தார்கள். ஆக, நில விவரத்தில் நின்றிருக்கிறது.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். சிவப்பாகத் தெரிந்த இரண்டில் இ-கேஒய்சி சுலபமானது. அதை முதலில் முடித்துவிடுவோம் என்று நினைத்து, இ-சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வரச் சொன்னேன். பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, அந்த ஆள் எங்கே என்று கேட்கவில்லை. ஆண் பெயர் இருந்தால் வீட்டுக்காரர் பெயர் என்று எடுத்துக்கொள்வோம். அவர் கொல்லையில் (வயலில்) இருப்பார், மனைவி அலைகிறார் என்பதுதானே வழக்கம்.

மறுநாள் அவரே திரும்பி வந்தார். "அவரு இல்லியே தம்பி. கொரோனாவுல போயிட்டாரு" என்றார். 2021 மே மாதம், இரண்டாவது அலையில்.

அந்த மையத்துப் பையன் அதற்குள் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தான். இறந்தவரின் போன் நம்பர் இப்போது மகனிடம் இருக்கிறது. ஆதாரில் இணைந்த நம்பரும் அதுதான். ஓடிபி வைத்து இ-கேஒய்சி செய்துவிடலாம், இரண்டு நிமிட வேலை, 50 ரூபாய். அவனுக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. திரையில் சிவப்பாக இருப்பதைப் பச்சையாக்குவதுதான் அவன் தொழில்.

யார் யாருக்கு என்ன நிலம்

உட்கார வைத்து முழுதாகக் கேட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மாமனார் வழி நிலம் 3 ஏக்கர் 64 சென்ட். மானாவாரி, ஒரு மூலையில் மூத்தாருடைய (கணவரின் அண்ணன்) போர்வெல். மாமனார் இறந்த பிறகு, 2019-க்கு வெகு முன்பே, இரண்டு மகன்கள் பெயருக்கும் கூட்டுப் பட்டா ஆகியிருந்தது. வாய்ப்பேச்சில் ஆளுக்குப் பாதி. நடுவில் வரப்பு உண்டு, காகிதத்தில் உட்பிரிவு, அதாவது சர்வே நம்பரைப் பிரித்துத் தனித்தனி எண் கொடுப்பது, கிடையாது. இந்த அம்மா தன் 1 ஏக்கர் 82 சென்ட்டில் மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும் போடுகிறார். மூத்தார் தன் பங்கை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். கிசான் பணம் மூத்தாருக்கு ஒழுங்காக வருகிறது. வெயிலில் நின்று பயிர் வைக்கும் குத்தகைக்காரருக்கு ஒரு பைசா வராது, ஏனென்றால் பட்டாவில் அவர் பெயர் இல்லை. திட்டத்தின் விதியே அதுதான். எனக்கு அது சரியென்று ஒருநாளும் பட்டதில்லை.

கணவர் இறந்த பிறகும் அவர் கணக்கில் மூன்று தவணைகள் வந்திருந்தன: 2021 ஆகஸ்ட், 2022 ஜனவரி, 2022 மே. மொத்தம் 6,000. மகன் ஏடிஎம் கார்டை வைத்து எடுத்து வீட்டுச் செலவுக்குக் கொடுத்திருக்கிறான். எடுக்கக் கூடாத பணம் என்று யாருக்கும் தெரியாது. வங்கிக்கும் இறப்பைச் சொல்லவில்லை, வேளாண்மை அலுவலகத்துக்கும் சொல்லவில்லை, பட்டாவையும் மாற்றவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கியதோடு எல்லாம் நின்றிருந்தது.

எடுத்த முடிவுகள்

ஓடிபி வழி வேண்டாம் என்பது முதல் முடிவு. அது இறந்தவர் உயிரோடு இருப்பதாகக் காட்டும் வேலை. 2020 முறைகேடு நடந்த மாவட்டத்தில் அதைச் செய்துவிட்டு அந்த அம்மா எந்த விசாரணையிலும் பதில் சொல்ல முடியாது. அது போக, செய்தாலும் பிரயோஜனம் இல்லை. நில விவரம் சரிபார்க்க வி.ஏ.ஓ. வந்தால் முதல் கேள்வியே ஆள் எங்கே என்பதுதான்.

இரண்டாவது, பழைய பதிவைச் சரிசெய்ய முயலாமல் அதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுப்பது. அந்த அம்மா பெயரில் வாரிசு வழியாகப் புதிதாகப் பதிவது. இதில் நஷ்டம் உண்டு. புதுப் பதிவுக்குப் பழைய தவணைகள் கிடையாது. அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, இனிமே வர்றது வரட்டும்" என்றார்.

மூன்றாவதுதான் சிக்கல். புதுப் பதிவுக்குப் பட்டாவில் அவர் பெயர் வேண்டும். தனிப்பட்டா வாங்குவதா, கூட்டுப் பட்டாவிலேயே பெயர் சேர்ப்பதா? தனிப்பட்டா என்றால் உட்பிரிவு, சர்வேயர் வந்து அளக்க வேண்டும், மூத்தார் சம்மதிக்க வேண்டும். மூத்தாரோ, அளந்தால் போர்வெல் யார் பக்கம் விழும் என்ற பயத்தில் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. ஆகவே உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல், அதாவது இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு அவர் வாரிசுகள் பெயரைச் சேர்ப்பது மட்டும் போதும் என்று தீர்மானித்தோம். பங்குச் சண்டை அப்படியே இருக்கும். ஆனால் கிசானுக்குத் தேவை பெயர்தான், வரப்பு இல்லை. குடும்பத்தில் சிலருக்கு இது அரைகுறை வேலையாகத் தெரிந்தது. இன்றைக்கும் இதே முடிவைத்தான் எடுப்பேன்.

பட்டாவுக்கு ஒன்பது மாதம்

பட்டாவுக்கு முன் வாரிசுச் சான்றிதழ். இ-சேவையில் 60 ரூபாய் கட்டி மனு போட்டோம். மனைவி, மகன், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் என்று மூன்று பேரைப் போட்டார்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்து, "இவங்க அவரோட அம்மாவா?" என்று கேட்டார். மனு திரும்பிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. எண்பது வயதுக் கிழவி என்று எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம், நான் உட்பட. மறுபடி நான்கு பேரோடு மனு போட்டு, மே கடைசியில் சான்றிதழ் கிடைத்தது.

ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருஷத்துக்கு ஒருமுறை தாலுகாவில் வருவாய்க் கணக்குகளைப் பார்த்து மனு வாங்கும் முகாம். பட்டா மாறுதல் மனுவை ஆன்லைனிலும் போட்டு, ஜமாபந்தியில் கையிலும் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து, கூட்டுப் பட்டாதாரர் ஒப்புதல் இல்லை என்று தள்ளுபடி ஆனது. உட்பிரிவு கேட்கவில்லை, மூத்தார் பங்கில் யாரும் கை வைக்கவில்லை, இறந்தவருடைய இடத்தில் அவர் வாரிசுகள் வருகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு எதற்கு அவர் ஒப்புதல் என்று வாய்விட்டுக் கேட்டேன். "பின்னாடி அவர் பெட்டிஷன் போட்டா நான்தானே பதில் சொல்லணும்" என்றார் தாலுகா ஆபீசில் இருந்தவர்.

வாதாடிப் பயன் இல்லை என்று, மண்டலத் துணை வட்டாட்சியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கோரிக்கை பெயர் மாற்றம் மட்டுமே, உட்பிரிவு இல்லை, மூத்தாரின் பெயரும் பங்கும் மாறாது என்று மூன்று வரி. வாரிசுச் சான்றிதழ், பழைய பட்டா நகல் இணைப்பு. இன்னொரு பக்கம் மாமியாரை அழைத்துக்கொண்டு மூத்தார் வீட்டுக்குப் போனேன். போர்வெல் பேச்சே இல்லை என்று கிழவி பெரிய மகனிடம் நாலு வார்த்தை சொன்னார். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால், "எனக்கு ஆட்சேபணை இல்லேன்னு கேட்டா சொல்றேன்" என்றார். அதை அவர் சொன்னாரா, கடிதம் வேலை செய்ததா தெரியாது. டிசம்பர் நடுவில் பட்டா வந்துவிட்டது: மூத்தாரோடு சேர்த்து ஐந்து பெயர்.

அந்த அம்மா தாலுகா ஆபீசுக்கு மட்டும் 11 தடவை போயிருக்கிறார். அந்த வருஷம் நூறு நாள் வேலையின் உச்சக் கூலி 294 ரூபாய். 11 நாள் என்றால் 3,234 ரூபாய், பஸ் காசு தனி. கிடைக்கப்போகும் தவணை ஒன்றுக்கு 2,000.

அந்த ஆறாயிரம்

இறந்த பிறகு வந்த மூன்று தவணைகளை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. யாரும் கேட்கவில்லை, கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான் மகன். எங்கள் ஆபீசிலேயே ஒருவர் அதைத்தான் சொன்னார். நான் கட்டிவிடலாம் என்றேன். புதுப் பதிவுக்கு அதே நிலம், அதே குடும்பம், அதே வேளாண்மை அலுவலகம். பழைய பதிவில் பாக்கியை வைத்துக்கொண்டு புதிதாகக் கேட்டால், என்றைக்காவது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

முடிவை அந்த அம்மாவிடம் விட்டோம். 2024 ஜனவரியில் மல்லாட்டை விற்ற காசில் 3,000, மகன் அனுப்பியது 3,000. போர்ட்டலிலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்தும் பகுதி இருக்கிறது. கணவரின் பதிவு எண்ணைப் போட்டுக் கட்டி, ரசீதை அச்செடுத்து, இறப்புச் சான்றிதழோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கியவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானாக வந்து கட்டியவரை அதுவரை பார்த்ததில்லை என்றார்.

புதுப் பதிவும் காணாமல் போன தவணையும்

2024 பிப்ரவரியில் பதிவு செய்தோம். இ-கேஒய்சிக்குக் கைரேகை விழவில்லை. களை வெட்டியே தேய்ந்த விரல்கள். எண்ணெய் தடவி, துடைத்து, ஆறு தடவை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. முகத்தை வைத்து உறுதி செய்யும் வசதி 2023-இலேயே பிஎம் கிசான் செயலியில் வந்துவிட்டது. வாசலில் வெளிச்சத்தில் நிற்கவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் ஒரே தடவையில் முடிந்தது.

படிவத்தை இ-சேவை மையத்தில்தான் நிரப்பினார்கள். நிலம் எப்போது கைக்கு வந்தது என்ற கட்டத்தில் பட்டா மாறிய தேதியை, 2023 டிசம்பரை, போட்டிருக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் வாரிசு வழி என்பது எந்த இடத்தில் பதிவாக வேண்டுமோ அங்கே சரியாகப் பதிவாகவில்லை. அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை. உர லோடு வந்திருந்தது. அச்செடுத்த ஒப்புகையை மட்டும் பார்த்து, பெயரும் சர்வே நம்பரும் சரி என்று விட்டுவிட்டேன். இது எனது இரண்டாவது தப்பு. பதினெட்டு மாதம் கழித்துத்தான் அது தலைகாட்டியது.

ஜூன் 18-ஆம் தேதி 17-ஆவது தவணை. போர்ட்டலில் பணம் போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. கூட்டுறவு வங்கியில் பாஸ்புக்கில் வரவு வைத்துப் பார்த்தால் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வரிசையாக இருக்கிறது, கிசான் இல்லை. மேனேஜர், "எங்களுக்கு வரலம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மை.

ஆதார் வழியாக அனுப்பும் பணம் நாம் படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குப் போகாது. அந்த ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போகும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தபோது வேறொரு பெயர் வந்தது: அஞ்சலகப் பேமெண்ட் வங்கி. அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே நினைவில்லை. வீட்டில் தேடச் சொன்னேன். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு க்யூஆர் அட்டை இருந்தது. 2023-இல் தபால்காரர் ஊரில் முகாம் போட்டு, 399 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு என்று கைரேகை வாங்கிக் கணக்குத் தொடங்கியிருக்கிறார். காப்பீடு நல்லதுதான். கணக்கைத் தொடங்கும்போதே ஆதாரும் அதோடு இணைந்துவிட்டது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தபால்காரரே மெஷினோடு வீட்டுக்கு வந்தார். மூன்றாவது தடவை கட்டைவிரல் விழுந்தது. கணக்கில் கிசான் 2,000 மட்டும் இல்லை; 2024 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைக் கூலியும் ஆதார் வழியாகத்தான் என்று ஆக்கியதால், பாக்கி நிற்கிறது என்று அவர் ஆறு மாதமாகப் பஞ்சாயத்து ஆபீசில் கேட்டுக்கொண்டிருந்த கூலியும் அங்கேதான் இருந்தது. அந்த ஒரு நாள்தான் இந்த விவகாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது.

இணைப்பைக் கூட்டுறவு வங்கிக்கு மாற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தபால்காரர் வீட்டுக்கே வருகிறார், வங்கிக்கு இரண்டு பஸ். அவர் சொன்னதுதான் சரி.

2025: மறுபடி நின்றது

18-ஆவது தவணை 2024 அக்டோபர் 5-லும், 19-ஆவது 2025 பிப்ரவரி 24-லும் சிக்கலில்லாமல் வந்தன. அந்தச் சமயத்தில்தான் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. அதிலும் பதிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 2-ஆம் தேதி 20-ஆவது தவணை வரவில்லை. இந்தத் தடவை திரையில் மூன்றும் பச்சை. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது: 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் பெற்றவர்கள், ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வாங்குவது போன்ற சந்தேகப் பதிவுகளைப் பிரித்து, நேரில் சரிபார்க்கும் வரை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் பட்டா தேதி 2023 டிசம்பர். கம்ப்யூட்டருக்கு இவர் நிலம் வாங்கிப் பணம் கேட்கிறவர்.

பிரிப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். 2020-ஐப் பார்த்தவன், வடிகட்ட வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் வடிகட்டியில் முதலில் சிக்குகிறவர்கள் புதிதாக விதவையானவர்கள்தான். கணவர் பெயரில் நிலம் இருந்து, அவர் போன பின் பெயர் மாறும் எல்லாருக்கும் பட்டா தேதி 2019-க்குப் பிறகுதானே இருக்கும்.

உதவி வேளாண்மை அலுவலர் செப்டம்பரில் நேரில் வந்தார். இந்தத் தடவை கையில் எல்லாம் இருந்தது: 2019-க்கு முன்பே கணவர் பெயர் இருந்த பழைய கூட்டுப் பட்டா நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், புதுப் பட்டா, 6,000 ரூபாய் கட்டிய ரசீது. அவர் ஒவ்வொன்றாகக் கொல்லை வரப்பிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டார். ரசீதைப் பார்த்ததும் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. மகனும் தன் பெயரில் பதியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வயது வந்தவன், பட்டாவிலும் பெயர் இருக்கிறது. சரிபார்ப்பு நடக்கும்போது அது வேண்டாம் என்று அந்த அம்மாவே தடுத்துவிட்டார்.

நவம்பர் 19-ஆம் தேதி கோயம்புத்தூரில் 21-ஆவது தவணையை வெளியிட்டார்கள். அதில் இவருக்கும் 2,000 வந்தது. நிறுத்திவைத்த 20-ஆவது தவணை இதை எழுதும் வரை வரவில்லை.

கணக்கைப் போட்டால்: 12 முதல் 16 வரை ஐந்து தவணை, 10,000 ரூபாய், திரும்ப வராது. 6,000 திருப்பிக் கட்டியாயிற்று. கையில் வந்தது 17, 18, 19, 21 ஆகிய நான்கு தவணைகள், 8,000.

மறுபடி செய்தால்

முதல் நாளே திரையைத் திறக்க மாட்டேன். பதிவில் பெயர் உள்ளவர் இருக்கிறாரா, எப்போது இறந்தார், பட்டாவில் யார் யார் என்று கேட்டுவிட்டுத்தான் பதிவு எண்ணைக் கேட்பேன். இப்போது எங்கள் ஆபீசில் ஒரு பழைய நோட்டில் அப்படித்தான் எழுதிக்கொள்கிறோம். 2021-க்குப் பிறகு ஆண் இறந்த வீடுகள் என்று பார்த்தபோது, அந்த ஒரு ஊரிலேயே இன்னும் ஏழு பதிவுகள் இறந்தவர் பெயரில் நின்றுகொண்டிருந்தன.

வாரிசுச் சான்றிதழ் மனுவில் வயதான தாயாரை விடக் கூடாது. பட்டா மாறுதல் மனுவின் முதல் வரியிலேயே உட்பிரிவு கோரவில்லை என்று எழுதுவேன். தள்ளுபடி ஆன பிறகு எழுதிய கடிதத்தை மனுவோடு வைத்திருந்தால் நான்கு மாதமாவது மிச்சமாகியிருக்கும். ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதைப் பதிவுக்கு முன்பே பார்ப்பேன், ஏனென்றால் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நிலம் எப்படி வந்தது என்ற கட்டத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருப்பேன், உர லோடு வந்தாலும்.

அலுவலகங்கள் பக்கம் நான் கேட்பது ஒன்றுதான். இறப்புப் பதிவு ஒரு துறையில், பட்டா இன்னொரு துறையில், கிசான் மூன்றாவது துறையில் இருக்கிறது. மூன்றிலும் ஆதார் வாங்குகிறார்கள். இருந்தும் ஒருவர் இறந்த சேதி ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக அவர் மனைவி பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இப்போது

மாமியார் ஐப்பசியில் தவறிவிட்டார். பட்டாவில் உள்ள ஐந்து பெயரில் ஒன்றை எடுக்க வேண்டும். அவர் பங்குக்குச் சின்ன மகனின் பிள்ளைகள் மட்டுமல்ல, மூத்தாரும் வாரிசு. ஆகவே இந்தத் தடவை மூத்தார் கையெழுத்து உண்மையிலேயே தேவை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அந்த அம்மா ஆபீசுக்கு வந்தார். அதே துணிக்கடைப் பை, உள்ளே இப்போது ஒரு பிளாஸ்டிக் உறை. இறப்புச் சான்றிதழ் மூன்று நகல் எடுத்து வைத்திருந்தார். மூத்தாரும் கூட வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.